மின்பலகையில் ஒரு மைனா

கணினியைப் பிறருக்குக் கற்பிக்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் விசைப்பலகையில் ஆரம்பித்து, கோப்பு, கோப்புறை முதலிய சொற்களுக்கு லக்ஷணம் கூறி, கேட்பவர்கள் கொட்டாவி விடும் சமயத்தில் விண்ணப்பக் கடிதம் ஒன்றை அடிக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறுதோறும் கட்டணமின்றி வகுப்பு நடத்திவரும் நானும் முதல் ஆண்டு அவ்வாறே செய்தேன். சித்திரம் எழுதுவது ஜீவனோபாயம், கற்பிப்பது அதற்குச் சம்பந்தமில்லாத உபகாரம் என்று இரண்டையும் பிரித்து வைத்திருந்த காலம் அது. ஒருநாள் வகுப்புக்கு முன் அவசர வேலை ஒன்றை முடிப்பதற்காக நான் மின்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் பாடத்தை மறந்து என் முதுகுக்குப் பின்னே நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து பாடம் சித்திரத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் அவர்கள் கேட்பது பேனாவைப் பற்றித்தான். மை இல்லை, கம்பி இல்லை, பலவற்றில் மின்கலமும் இல்லை. பின் அது இருக்கும் இடம் பலகைக்கு எப்படித் தெரிகிறது? தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால், அதே சுருதியில் கூட்டிய மற்றொரு தந்தி தொடாமலே அதிர்வதைச் சங்கீதம் கற்றவர்கள் அறிவார்கள். பலகையின் அடியில் நெருக்கமாகப் பரப்பிய கம்பிச் சுருள்கள் மின்காந்த அலையை எழுப்ப, பேனாவினுள் இருக்கும் சிறு சுருளும் மின்தேக்கியும் அந்த அலைக்கு ஒத்து அதிர்ந்து, பெற்ற சக்தியையே விடையாகத் திருப்பி அனுப்புகின்றன. பலகையோ அனுப்புவதைச் சற்று நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டு, எந்தச் சுருளில் விடை பலமாக ஒலிக்கிறதோ அதைக் கொண்டு பேனாவின் ஸ்தானத்தை நிர்ணயிக்கிறது. முனையை அழுத்தினால் பேனாவின் சுருதி அணுவளவு பிசகும். அந்தப் பிசகே அழுத்தத்தின் அளவு. இக்காலத்துப் பலகைகள் பலவற்றில் இவ்வாறு 8192 படிகள் பிரித்தறியப்படுகின்றன. 1983இல் ஜப்பானில் தோன்றிய வாகோம் நிறுவனம் இம்முறையைச் சித்திரக்காரர்களிடையே பிரசித்தமாக்கியது.

பேனாவால் கணினியில் வரைவதன் பூர்வீகம் அமெரிக்காவில். 1963இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் தாம் இயற்றிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலின் துணையால் ஒளிப்பேனா கொண்டு திரையிலேயே கோடிழுத்துக் காட்டினார். மறு ஆண்டு ராண்ட் நிறுவனம் வெளியிட்ட பலகையின் விலை 18,000 டாலர். அந்த விலையில் எந்த வாசகசாலையும் வாங்கியிராது.

வகுப்பில் கோடு திரையில் விழுந்ததும் அதைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது என் வழக்கம். வழுவழுப்பான கோடு மறைந்து, வர்ணக் கட்டங்கள் படிக்கட்டாக நிற்கும். காஞ்சிபுரத்தில் நெசவு டிசைன் போடுகிறவர் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவதற்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை. 1920 கட்டம் அகலமும் 1080 கட்டம் உயரமும் உள்ள படத்தில் 20,73,600 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. ஆகவே ஒரு கட்டம் 1,67,77,216 நிறங்களில் ஒன்றாக இருக்கலாம். கணினிக்குப் படம் என்று ஒன்று கிடையாது, எண்களின் வரிசைதான் உண்டு என்ற உண்மை, நான் கரும்பலகையில் எழுதியபோது எவருக்கும் உறைக்கவில்லை. தம் கோட்டையே உருப்பெருக்கிக் கண்டபோது சிறுவர்கள்கூட விவாதிக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் வகுப்புக்குத் தவறாமல் வரும் தையற்கடை அம்மாள் ஒருவர், மரக்கிளையில் அமர்ந்த மைனாவை மூன்று வாரம் வரைந்தார். கிளை ஓர் அடுக்கில், பறவை அதன்மேல் ஓர் அடுக்கில். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் ஒன்றைத் திருத்த மற்றொன்று கலையாது. நான்காம் வாரம் அவர் முகம் வாடியிருந்தது. "கிளையை மட்டும் மாத்தலாம்னு பார்த்தேன் சார், பறவையும் சேர்ந்து அழியுது" என்றார். நடந்தது இதுதான்: வேலைக் கோப்பை மூடிவிட்டு, உறவினருக்கு அனுப்புவதற்காக ஜேபெக் வடிவில் சேமித்ததை மட்டும் கொண்டுவந்திருந்தார். ஜேபெக் அடுக்குகளை அறியாது. எல்லாவற்றையும் ஒரே தளமாக அமுக்கி, கண்ணுக்கு எளிதில் புலப்படாதென்று கருதும் நுட்பங்களைக் கழித்து, கோப்பின் அளவைச் சிறுக்கவைப்பதே அதன் தொழில். கிரிட்டா எழுதும் கோப்போ அடுக்குகளைத் தனித்தனியே கட்டி வைத்த பொட்டலம். வீட்டுக் கணினியில் மூலக்கோப்பு பத்திரமாக இருந்தது. கோப்பு வகைகளைப் பற்றி நான் அதன்பின் தனிப் பாடம் நடத்தியதில்லை. அவரே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்.

கிரிட்டா என்றேன். கே.டி.இ. சமூகத்தார் ஆக்கிவரும் இந்த மென்பொருளின் பெயருக்கு ஸ்வீடிஷ் மொழியில் சுண்ணக்கட்டி என்று பொருள். மாதச் சந்தா கேட்கும் பிரசித்தமான மென்பொருள்களை விட்டு இதைத் தேர்ந்ததற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் மரபு, பிரதி எடுக்கவும் பிறருக்கு வழங்கவும் உள்ளே திருத்தவும் எவருக்கும் உரிமை அளிக்கிறது; ஆகையால் வகுப்பு முடிந்து போகிறவர் கையில் பென் டிரைவில் அதைக் கொடுத்தனுப்புவது திருட்டாகாது. வகுப்பை இலவசமாக நடத்திவிட்டு, வீட்டில் பழகுவதற்கு விலைகொடுத்தாக வேண்டும் என்று சொல்வது, நீந்தக் கற்றுக்கொடுத்துக் குளத்தைப் பூட்டிவைப்பதாகும். கிராமப்புற மாணவருக்குக் கட்டணமின்றித் தொழில்நுட்பம் பயிற்றும் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவும் இம்மரபைச் சேர்ந்ததே. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு 2002இல் பில் கென்ட்ரிக் தொடங்கிய டக்ஸ் பெயிண்ட் இருக்கிறது. பலகை வாங்க இயலாதவர் மவுஸைக் கொண்டே ஆரம்பிக்கலாம். அழுத்தத்தின் நயம் வராது, மற்றவை வரும்.

மைனாவை அந்த அம்மாள் தம் கடைப்பலகையில் ஆறடி அகலத்துக்குப் போட விரும்பினார். 1920 கட்டங்களை ஆறடிக்கு இழுத்தால் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். கிட்ட நின்று பார்ப்பவருக்கு இறகெல்லாம் பல்பல்லாகத் தெரியும். எனவே இங்க்ஸ்கேப் என்ற வேறொரு கட்டற்ற கருவியைத் திறந்தேன். அது கட்டங்களை நினைவில் வைப்பதில்லை. இன்ன இடத்தில் தொடங்கி, இவ்வளவு வளைந்து, இன்ன கணுவில் முடிக என்ற விதியை மாத்திரம் வைத்துக்கொண்டு, கேட்ட அளவுக்கெல்லாம் புதிதாக வரைந்து தருகிறது. இதை விளக்க நான் உவமை தேடிக்கொண்டிருக்கையில் அவரே குறுக்கிட்டார்: "பேப்பர் கட்டிங் மாதிரிதானே சார்? சின்ன ரவிக்கையை இழுத்துப் பெரிசாக்க முடியுமா? அளவை மாத்தித் திரும்ப வரைஞ்சுதான் வெட்டணும்."

அன்று விளக்கேற்றும் நேரம் வரையில் அவர் மைனாவின் முதுகுக்கோட்டைச் சீராக்கிக்கொண்டிருந்தார். கணுக்கள் மிகுந்தால் கோடு நெளியும், குறைந்தால் ஓட்டம் வரும் என்று ஒருமுறைதான் சொன்னேன். பதினான்கில் தொடங்கியது, ஐந்தில் வந்து நின்றது.