வீட்டையும் கட்டி இழுத்துப் போகலாம்!

சனிக்கிழமை வேலை முடிந்தது. மறுநாள் விடுமுறை. குடும்பத்தோடு எங்காவது போய் வரலாம் என்று ஆசை. ஆனால், போகிற இடத்தில் அறை கிடைக்குமா? கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகுமா? குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியுமா? பாட்டிக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

இந்தக் கவலைகள் இல்லாமல் ஊர் சுற்ற ஒரு வழி உண்டு. வீட்டையே இழுத்துக்கொண்டு போய்விடுவது! அதுதான் வீட்டு டிரெய்லர்.

முன்னால் கார் ஓடும். அதன் கொக்கியில் மாட்டிய சிறு கூண்டு வண்டி பின்னால் உருண்டு வரும். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாத்திர அலமாரி எல்லாம் இருக்கும். போன இடத்தில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிடலாம். காரை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம்.

நாயும் கிளியும் கூடவே!

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1885-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் உல்லாசப் பயணத்துக்கென்று ஒரு வண்டி வீடு செய்துகொண்டார். எடை ஏறக்குறைய 2 டன். இழுத்தவை இரண்டு குதிரைகள். கூடவே ஒரு நாய், ஒரு கிளி! பெரிய வண்டி வருகிறது என்று எதிரே வருவோரிடம் சொல்ல, அவருடைய வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவார். அப்படியே ஸ்காட்லாந்து வரை போனார் டாக்டர்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் சுவையானது. ஆரிஸ்ட் டெத்லெப்ஸ் என்பவர் சவுக்கும், பனிச்சறுக்குக் கோலும் விற்கிற வியாபாரி. ஊர் ஊராகப் போக வேண்டிய தொழில். அவர் மனைவி பிரிடெல் ஓர் ஓவியர். கணவனைப் பிரிந்திருக்க அவருக்கு மனமில்லை. கூடவே போக வேண்டும். போகிற இடத்தில் படமும் வரைய வேண்டும். டெத்லெப்ஸ் யோசித்தார். 1931-ல் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ஒரு வீட்டைத் தாமே செய்தார். பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். சவுக்கு விற்றவர் டிரெய்லர் முதலாளி ஆனார்!

நம் பக்கத்திலும் வண்டி வீடு இப்போது வரத் தொடங்கியிருக்கிறது. கேரள அரசு 2021-ல் இதற்கென ஒரு திட்டம் அறிவித்தது. இப்படிப்பட்ட வண்டிகள் நிற்பதற்கு 2022-ல் வாகமண் மலையில் ஓர் இடமும் திறக்கப்பட்டது.

பாகலூர்ப் பக்கம் போனால்...

வீட்டோடு புறப்பட்டு இரண்டு நாள் தங்க, ஓசூர் வட்டாரம் பொருத்தமான இடம். அங்கே கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது பாகலூர். சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள். ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அதனால் மாலையானால் காற்று சில்லென்று வீசும்.

ஓசூரில் மலை மேல் சந்திரசூடேசுவரர் கோவில் இருக்கிறது. அருகே தொரப்பள்ளி. 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர் அது. தென்பெண்ணை ஆற்றில் கெலவரப்பள்ளி அணை. அதே ஆற்றில் இன்னும் கீழே போனால் கிருஷ்ணகிரி அணை. இரண்டு நாளுக்கு இது போதும்.

ஒரு விஷயம். பெங்களூருக்கு வடக்கே, விமான நிலையம் போகும் பக்கம் இன்னொரு பாகலூர் இருக்கிறது! செல்போன் வரைபடத்தைப் பார்த்து வருகிறவர்கள் "ஓசூர் பாகலூர்" என்று சேர்த்துத் தேட வேண்டும்.

மாட்டு வண்டி சொல்லும் பாடம்

சந்தோஷத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாரம் சரியாக இல்லாவிட்டால் டிரெய்லர் காரையே கவிழ்த்துவிடும்.

இது நம் கிராமத்து வண்டிக்காரருக்குத் தெரியாததா? முன்பாரம், பின்பாரம் என்று அவர் சொல்வதே இதைத்தான். மூட்டைகள் பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் அதிகமானால் மாடு பாரம் தாங்காது. இருசுக்கு நேர் மேலே பளுவை வைத்து, முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக விடுவார்.

டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடை 1,000 கிலோ என்றால், சுமார் 100 கிலோ காரின் கொக்கியில் அழுந்தும்படி அடுக்குவது அமெரிக்காவில் வழக்கம். காருக்கும் டிரெய்லருக்கும் உள்ள புத்தகத்தைப் பார்த்து, அதில் சொன்ன அளவைத் தாண்டாமல் ஏற்ற வேண்டும். தண்ணீரை மறந்துவிடக் கூடாது. 50 லிட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ!

பின்பாரம் ஏறிய டிரெய்லர், வேகம் கூடியதும் பாம்பு வால் போல ஆடத் தொடங்கும். அப்போது பதறி பிரேக்கை அழுத்தக் கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்க வேண்டும். ஆட்டம் தானாக அடங்கும்.

பின்னுக்கு எடுப்பது ஒரு தனி வித்தை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும்! முதலில் காலி மைதானத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

மறக்கக் கூடாதவை

* டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு எண் வேண்டும். வாடகைக்கு எடுத்தால், மாநில எல்லை தாண்ட வரியும் அனுமதியும் உண்டா என்று முன்னதாகவே கேட்க வேண்டும்.

* ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது. குழந்தைகள் கெஞ்சினாலும் கூடாது!

* கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். காஸ் அடுப்பையும் அணைத்து, குழாயை மூடி, ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துப் படுக்க வேண்டும்.

* காட்டோரம் தங்கக் கூடாது. ராகி விளையும் காலத்தில் பன்னர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் தளி, சானமாவு காடுகளுக்கு வருவது வழக்கம். அவை ராகிக் கொல்லைகளிலும் இறங்கும். சோற்று வாசனையும் பழ வாசனையும் அவற்றை அழைத்து வந்துவிடும்.

* ஏரிக்கரையிலும் சாலை ஓரத்திலும் வண்டியை நிறுத்தாமல், தோட்டக்காரரிடம் கேட்டு அவர் காட்டும் இடத்தில் தங்குவதே நல்லது. கழிவு நீரையும் குப்பையையும் அவர் நிலத்தில் விட்டு வரக் கூடாது.

யாருக்கு விடுமுறை?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டைக் கூட இழுத்துப் போகும்போது, வீட்டு வேலையும் கூடவே வருகிறது! அங்கும் அம்மாதான் அடுப்படியில் நிற்க வேண்டும் என்றால், அவருக்கு ஏது விடுமுறை? சமையல் மேடை ஒரு முழ அகலம்தான். காய் நறுக்க ஒருவர், தண்ணீர் எடுக்க ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டால் அரை மணியில் முடிந்துவிடும். பாரத்தைச் சரியாகப் பிரித்து வைப்பது டிரெய்லருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் நல்லது!