கட்டுநாயக்காவோடு பயணம் முடிவதில்லை

ரொறன்ரோவில் இருந்து கொழும்புக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 15 அல்லது 16 மணித்தியாலம் என்று வரும். கணக்கில் பிழையில்லை. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் கிரீன்லாந்துக்கு மேலால் நேரே பறந்தால் அவ்வளவுதான். ஆனால் அப்படி நேரே போகிற விமானம் இல்லை.

டுபாய் வழியாகப் போனாலும் தூரம் பெரிதாகக் கூடாது. அங்கே 11,100, பிறகு 3,300. நானூறு கிலோமீற்றர்தான் அதிகம். நேரத்தை விழுங்குவது இடையில் காத்திருக்கும் மணித்தியாலங்கள். எல்லாம் சேர்ந்து 23 மணித்தியாலம் ஆகிவிடும்.

இதை நான் விளங்கிக்கொண்டது சின்னம்மா செத்தபோது. ஒரு கோடைகால வெள்ளிக்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணத்தில் இருந்து தம்பி எடுத்தான். அங்கே இரவு ஒன்பதரை.

"அண்ணை, எப்ப வருவியள்? அதைப் பாத்துத்தான் நேரம் வைக்க வேணும்."

அன்றிரவு பத்து மணி விமானத்துக்கு டிக்கெட் கிடைத்தது. ஞாயிறு காலை ஆறரைக்குக் கட்டுநாயக்காவில் இறங்கும். "ஞாயிறு காலமை வந்திடுவன்" என்றேன். அவன் அதை வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எடுத்துக்கொண்டான். பத்து மணிக்குக் கிரியை என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார்கள்.

கட்டுநாயக்காவில் குடிவரவு, பெட்டி எல்லாம் முடிந்து வானில் ஏற எட்டு மணி. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம். வவுனியாவைத் தாண்டும்போது தம்பி எடுத்தான். "இனியும் வைச்சிருக்க ஏலாது அண்ணை. சனம் காத்துக்கொண்டு நிக்குது." நான் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றம் கழுவி ஈரமாகக் கிடந்தது.

பின்னேரம் நாலு மணி என்று வைத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். தம்பியில் பிழையில்லை. நான்தான் விமானநிலையத்தின் நேரத்தைச் சொன்னேன். அவன் கேட்டது வீட்டுக்கு வரும் நேரத்தை.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமானநிலையமானது. சென்னையில் இருந்து அங்கே ஏறத்தாழ 360 கிலோமீற்றர்தான். ஆனால் அந்தச் சின்ன விமானம் புறப்படும் நேரத்துக்கு நாங்கள் சென்னையில் நிற்க வேண்டுமே. அவசரத்துக்கு அது எல்லோருக்கும் பொருந்திவராது.

எனவே ஒரு வேண்டுகோள், குறிப்பாக இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு. உங்கள் வீட்டுக் கதவில் இருந்து ஊர் வீட்டு முற்றம் வரை எத்தனை மணித்தியாலம் என்று இப்போதே கணக்குப் பார்த்து வையுங்கள். எனக்கு அது 35. கோடையில் ஒன்பதரையும் குளிர்காலத்தில் பத்தரையும் மணித்தியால நேர வித்தியாசம் வேறு இருக்கிறது. ஊரில் இருந்து யாராவது "எப்ப வருவியள்?" என்று கேட்டால் ஊர் நேரத்தில், வீட்டு வாசலுக்கு வரும் நேரத்தைச் சொல்லுங்கள். அதற்குள் முடியாது என்றால் அதையும் நேரே சொல்லிவிடுங்கள். அங்கே அவர்கள் உங்கள் சொல்லை நம்பித்தான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்கிறார்கள்.