படப்பிடிப்புக்கு முன் பென்சிலை எடுங்கள்

வார இறுதியில் நண்பர்களைத் திரட்டிக் குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்களுக்கு, "அடுத்து என்ன எடுப்பது?" என்று படப்பிடிப்பு இடத்தில் யோசிக்கும் நேரமே பெரிய செலவு. கேமரா வாடகை நாள் கணக்கில் ஓடும். மாலை மழையும் காத்திருக்காது.

இதற்குக் கைகொடுப்பது ஸ்டோரிபோர்ட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கட்டம் போட்டு, யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் நகர்கிறார், கேமரா எங்கே இருக்கிறது என்று வரைய வேண்டும். குச்சி மனிதர்களே போதும்.

தோட்டத்து வீட்டில் தாயும் மகனும் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். தாயின் முகம் தெரியும் கட்டங்களை எல்லாம் முதலில் எடுத்து முடித்துவிட்டு, பிறகு மகன் பக்கம் திரும்பலாம். கேமராவையும் விளக்கையும் ஒருமுறை மாற்றினால் போதும்.

1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கு சத்யஜித் ராய் வழக்கமான திரைக்கதைப் பிரதி எழுதவில்லை. காட்சிகளை ஓவியங்களாக வரைந்து, தயாரிப்பாளர்களிடம் அவற்றைக் காட்டிக் கதை சொன்னார். பணத் தட்டுப்பாட்டால் படப்பிடிப்பு பலமுறை நின்றும், படம் முழுமை பெற்றது.

ஒரு கட்டத்தை வரைய முடியவில்லையா? அந்த ஷாட் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அதை வீட்டிலேயே தெரிந்துகொண்டால் காசு மிச்சம்.