இலவசக் கார்: சாவிக்கு முன் சோதனை

பிரிட்டனில் ஓடுகிற காரை ஒருவர் இனாமாகக் கொடுப்பது அதிசயமான செய்தி அல்ல. எழுபது வயதானவர்கள் அங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பார்வை மங்கி உரிமத்தை விட்டுவிட்ட பெரியவரின் வாசலில் கார் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். லண்டனில் வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. காற்று மாசைக் குறைக்கும் கட்டண விதி 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதற்கும் வந்துவிட்டதால், தரத்துக்கு உட்படாத பழைய காரை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். பழுது பார்க்கும் செலவு காரின் விலையைத் தாண்டிவிட்ட வண்டிகளும் உண்டு. இப்படி வருகிற காருக்குப் பெரும்பாலும் ஒன்று இருக்காது: சாலையில் ஓடத் தகுதியானது என்னும் எம்.ஓ.டி. சான்றிதழ். வாங்குகிறவர் பலருக்கு அதை எப்படி வீட்டுக்கு ஓட்டி வருவது என்பதுதான் கவலை. என் வாதம், அந்தக் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்பது. காரைக் கொண்டுவந்த பிறகு சோதிப்பதைவிட, சோதித்த பிறகு கொண்டுவருவதுதான் பணத்துக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

நம்மூரில் எஃப்.சி. என்றால் லாரி, பஸ், ஆட்டோ நினைவுக்கு வரும். சொந்தக் காருக்குப் பதிவுக் காலமான 15 ஆண்டு முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சே எழும். பிரிட்டனில் அப்படி இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் கார் பதிவாகி 3 ஆண்டு முடிந்ததும் ஆண்டுதோறும் சோதனை. 1960-ல் இது தொடங்கியபோது பத்து ஆண்டு ஓடிய வண்டிகளுக்கு மட்டுமே இருந்தது; 1967-க்குள் மூன்று ஆண்டாகக் குறைந்தது. பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, சீட் பெல்ட், அடிச்சட்டத்தின் துரு, புகை என்று பார்ப்பார்கள். எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறதா என்பது இந்தச் சோதனையில் சேராது. கார் சோதனைக்கு அதிகபட்சமாக வாங்கக்கூடிய கட்டணம் 54.85 பவுண்டு. 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று தரம் பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தேறாது.

சான்றிதழ் இல்லாத காரைச் சாலையில் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். தெருவோரம் நிறுத்திவைப்பதும் விதிமீறல்தான். ஆனால் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. முன்கூட்டியே நேரம் பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிச் செல்லலாம், அங்கிருந்து திரும்பலாம், தேறாத வண்டியைக் குறை தீர்க்க, முன்பே பேசி வைத்த ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போகலாம். இந்த விலக்கு ஏன் தேவை என்று பார்த்தால் அதன் எல்லையும் புரிந்துவிடும். 2014 அக்டோபர் முதல் பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி புதியவருக்கு மாறாது. பெயர் மாறிய உடனே புதியவர் வரி கட்ட வேண்டும். வரி கட்டச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்க வண்டி சோதனைக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் வரி வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது, பதிவு செய்த சோதனைக்குப் போகும் வழியில் வரியிலிருந்தும் சான்றிதழிலிருந்தும் தந்திருக்கும் விலக்குதான். இலவசமாகக் கிடைத்த காரை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும் வசதிக்காக அது எழுதப்படவில்லை.

இன்சூரன்ஸுக்கு அந்த விலக்கு கிடையாது. ஒரு தெரு தள்ளியிருக்கும் சோதனை நிலையத்துக்குப் போனாலும் குறைந்தபட்சம் மூன்றாம் நபர் காப்பீடு இருந்தாக வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 புள்ளிகளும் விழும். வண்டியைப் போலீஸ் பறிமுதல் செய்யலாம். சாலையோரக் கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்துப் பதிவேட்டோடு ஒப்பிடுவதால் தப்புவது கடினம். பிரிட்டிஷ் உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு 6 புள்ளி என்றால் உரிமமே போய்விடும். கற்றுக்கொள்பவராக மறுபடி தொடங்கி, எழுத்துத் தேர்வு, ஓட்டுதல் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். இலவசக் காரைத் தேடுகிறவர்களில் மாணவர்களும் புதிதாக ஓட்டப் பழகியவர்களும் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தன் சொந்தக் காரின் பாலிசியில் மற்றவர் காரையும் ஓட்டலாம் என்று இருக்கிறதே என்று சிலர் நம்பிப் போவார்கள். தன் பெயருக்கு வந்துவிட்ட கார் மற்றவர் கார் ஆகாது.

எம்.ஓ.டி. இல்லாவிட்டால் இன்சூரன்ஸே செல்லாது என்ற பேச்சும் உண்டு. அது முழு உண்மை அல்ல. வண்டியின் நிலையைக் காரணம் காட்டி, விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கட்டாயக் காப்பீட்டின் கீழ் வரும் தொகையை மறுக்க 1988-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் தரவில்லை. தன் வண்டிக்கான இழப்பீட்டில் கை வைக்கலாம். ஆகவே பாலிசி எடுக்கும்போதே சான்றிதழ் இல்லை என்பதைச் சொல்லி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது காகிதம். காகிதத்தைவிட வண்டியின் நிலை முக்கியம். சான்றிதழ் இல்லாமல் சோதனைக்குப் போகச் சட்டம் விடுகிறது. ஆபத்தான நிலையில் உள்ள காரை ஓட்ட எங்கேயும் விடவில்லை. அந்தக் குற்றத்துக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் 3 புள்ளிகளும் உண்டு, உரிமத் தடையும் வரலாம். சோதனைக்குத்தான் போகிறேன் என்பது இதற்குப் பதில் ஆகாது. நின்று கிடந்த கார் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். டயரில் பட்டன் தேயாமல் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இருக்கும், ஆனால் பக்கச் சுவரில் ரப்பர் வெடித்திருக்கும். பிரேக் பிடிக்கும் பாகங்கள் இறுகிப்போயிருக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். எல்லாவற்றிலும் மோசமானது பிரேக் குழாயின் துரு. குளிர்காலத்தில் பனிக்காகச் சாலையில் உப்புத் தூவும் நாடு அது. அந்த உப்பு வண்டியின் அடிப்பகுதியில் ஒட்டி இரும்பை அரிக்கும். துருவேறிய குழாய் தெருவுக்குள் மெல்ல ஓட்டிப் பார்க்கும்போது தாங்கிவிடும். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்று, பெடலை முழு பலத்தோடு மிதிக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், குழாய் வெடிக்கும். வாசலில் சுற்றிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்வதற்கு மதிப்பு இல்லாமல் போவது இதனால்தான்.

சான்றிதழ் வெறும் சடங்குதானே, அரசே தள்ளுபடி செய்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 30 முதல் காலாவதியாக இருந்த கார்ச் சான்றிதழ்களுக்கு ஆறு மாத நீட்டிப்புக் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பெரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமையை அரசு தளர்த்தவில்லை. நாள் தவறாமல் பராமரிக்கும் கார் தேதி தவறுவது வேறு. செலவுக்கு அஞ்சி யாரோ கைவிட்ட கார் தேதி தவறுவது வேறு. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

விலக்கில் மைல் கணக்கு எதுவும் இல்லையே, என் வீட்டருகே சோதனைக்கு நேரம் வாங்கி இருநூறு மைல் ஓட்டி வரக்கூடாதா என்பது அடுத்த கேள்வி. எழுத்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் வந்து சேர்ந்தபின் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். வண்டி தேறவில்லை, ஆபத்தான குறை என்று எழுதிவிட்டார்கள் என்றால் அதை அங்கிருந்து ஓட்டக்கூடாது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்த வாசல் இல்லை. தெருவில் நிறுத்தச் சட்டம் விடாது. அப்போது இழுத்துச் செல்லும் வண்டிக்குக் காசு, நிறுத்தும் இடத்துக்குக் காசு. அத்தனைக்கும் முன்னால், அந்த ஆபத்தான குறையோடுதான் இருநூறு மைல் வந்திருக்கிறார். பக்கத்துப் பாதையில் வந்த குடும்பங்களிடம் அதற்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. காருக்கு அது ஒத்துவராது. கொடுப்பவரின் ஊரிலேயே, அவர் பெயரில் வண்டி இருக்கும்போதே, அருகிலுள்ள நிலையத்தில் நேரம் பதிவு செய்து, காரைப் பெற்றுக்கொள்பவர் கட்டணத்தைக் கொடுத்துவிடட்டும். தேறினால் லாக்புக்கில் பெயர் மாற்றி, வரி கட்டி, இன்சூரன்ஸ் போட்டு எந்த விலக்கையும் நாடாமல் ஓட்டி வரலாம். தேறாவிட்டால் குறைகளின் பட்டியல் கையில் இருக்கும், கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். வேண்டாம் என்றால் கார் அங்கிருந்தே அங்கீகாரம் பெற்ற காயலான் கடைக்குப் போகும், இழப்பு 54.85 பவுண்டோடு முடிந்தது. இன்றைக்கே எடுத்துப் போ என்று அவசரப்படுத்துபவர் என்றால், லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதுதான் வழி. அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தக் கார் பெற்றுக்கொள்பவருக்கு உரியதல்ல.

கொடுப்பவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. சாலைக்குத் தகுதியற்ற வண்டியை விற்பது மட்டுமல்ல, வழங்குவதே அதே 1988 சட்டத்தின் 75-ம் பிரிவின்படி குற்றம். சீர்செய்யும்வரை சாலையில் ஓடாது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. ஆகவே முதலில் சோதனை என்று கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல, அவரையும் காப்பாற்றுகிற செயல்.

ஆகவே, யாராவது இலவசமாகத் தருகிறேன் என்றால், போய்ப் பார்ப்பதற்கு முன் நம்பர் பிளேட்டின் எண்ணை மட்டும் கேளுங்கள். அரசின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பழைய சோதனைகளின் முடிவு, ஓடிய மைல், தேறாத காரணம், கவனிக்கச் சொன்ன குறைகள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். பிரேக் குழாயில் துரு என்று சென்ற முறை எழுதியிருந்து, அதைச் சரிசெய்த ரசீதும் இல்லை என்றால், அந்தக் காரை ஓட்டி வராதீர்கள்.