'குண்டாஸ்' போட்டால் கதை முடிந்ததா?

கும்பல் வழக்கில் சிக்கியவருக்குத் தற்காப்பு என்ன? நாள் கணக்கில் இருக்கிறது சூட்சுமம்!

"ரவுடி கும்பல் கூண்டோடு கைது." "5 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது."

பஸ்சில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே படித்துவிட்டு மடித்து வைக்கிற செய்திகள்தான் இவை. படிப்பவருக்கு அந்த ஐந்தும் வெறும் பெயர்கள். ஆனால் ஐந்தாவது பெயர் பக்கத்து வீட்டுப் பையனுடையதாக இருந்தால்?

மாமூல் தொல்லை என்றால் என்னவென்று கடைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லாப் பெட்டி முன்னால் கத்தியை வைத்துவிட்டுப் போகிறவன் உள்ளே போனால் நிம்மதிப் பெருமூச்சு விடாத வியாபாரி இல்லை. அந்த நிம்மதிக்காகத்தான் சட்டம் வந்தது.

அதே வலையில் சில சமயம் டீக்கடை ஓரம் சும்மா நின்றவனும் விழுந்துவிடுகிறான். "சேர்க்கை சரியில்லை" என்ற ஒரே குற்றத்துக்காக! அவனுக்குச் சட்டத்தில் என்ன வழி?

5-வது ஆள் வந்தால்...

கும்பல் வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது தலை எண்ணிக்கை.

4 பேர் சேர்ந்து மிரட்டிப் பணம் பறித்தால் அது வழிப்பறி. தண்டனை 10 ஆண்டு வரை. நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில் நடந்தால் 14 ஆண்டு வரை போகலாம்.

அதே இடம், அதே பணம், ஆனால் 5-வது ஆள் ஒருவன் சேர்ந்துகொண்டான் என்றால் அது கூட்டுக்கொள்ளை! ஆயுள் தண்டனை வரை விழும். பறித்த பணம் 100 ரூபாயாக இருந்தாலும் இதே கதைதான்.

அடிதடி, கொலை வழக்கிலும் 5-தான் கணக்கு. 5 பேருக்குக் குறையாமல் கூடி, பொதுவான ஒரு கெட்ட நோக்கத்தோடு நின்றால் அது 'சட்டவிரோத கும்பல்'. அந்த நோக்கத்துக்காக ஒருவன் வெட்டினால் மற்ற நாலு பேருக்கும் வெட்டியவனுக்கு உள்ள தண்டனைதான். இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 149-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 190-வது பிரிவு.

ஆகவே அனுபவமுள்ள வக்கீல் குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும் தலையைத்தான் எண்ணுவார். பெயர் சொல்லப்பட்ட ஐந்து பேரில் ஒருவர் விடுதலையாகி, வேறு ஆளும் அங்கே இருந்ததாக சாட்சியம் இல்லை என்றால், மிச்சம் நாலு. அந்த நாலு பேர் மீது 149 நிற்காது என்று 1962-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஆனால் உடனே துள்ளிக் குதிக்கக்கூடாது. 'பொதுவான எண்ணம்' என்ற இன்னொரு பிரிவு இருக்கிறது. அதற்கு இரண்டு பேர் இருந்தாலே போதும். ஆனால் முன்கூட்டியே ஒத்த எண்ணம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு தனியாக நிரூபித்தாக வேண்டும்.

கூட நின்றால் குற்றமா?

"சார், எம் புள்ள வேடிக்கை பார்க்கத்தான் நின்னான்."

கிரிமினல் வக்கீல்கள் தினமும் கேட்கிற வார்த்தை இது. சிரித்துத் தள்ளிவிடுகிற வாதம் அல்ல. வெறுமனே அந்த இடத்தில் இருந்தார் என்பதால் மட்டும் ஒருவர் கும்பலின் உறுப்பினர் ஆகிவிட மாட்டார் என்று 1955-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

1964-ல் வந்த இன்னொரு தீர்ப்பு இதைச் சற்று விளக்கியது. நோக்கத்தில் பங்கு இருந்தால் போதும், ஒவ்வொருவரும் கையை ஓங்கியிருக்க வேண்டும் என்பது இல்லை. அதே சமயம், வேடிக்கை பார்த்தவர் குற்றவாளி ஆக மாட்டார். எதிரிகள் ஏராளமாக உள்ள வழக்கில் ஒரே ஒரு சாட்சி அடுக்கிக்கொண்டே போகிற பெயர்களை நம்பி எல்லாரையும் தண்டிக்காமல், இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒரே மாதிரி அடையாளம் காட்டுகிறார்களா என்று பார்ப்பது நல்லது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஆகவே கேள்வி இதுதான். அவன் கையில் என்ன இருந்தது? எப்போது வந்தான்? என்ன சொன்னான்? எந்த சாட்சி பார்த்தார்? "கும்பலாக வந்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது வேறு, "இவன் இன்னது செய்தான்" என்பது வேறு.

அடையாள அணிவகுப்பும் முக்கியம். கைதானவரின் போட்டோ பேப்பரில் வந்து, சாட்சி அதைப் பார்த்துவிட்டார் என்றால் அணிவகுப்புக்கு மதிப்பு போய்விடும். கைதானவரை முகத்தை மூடி கோர்ட்டுக்கு அழைத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போலீசாரிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது. அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும்.

பழைய கணக்கு

தண்டனை கூடுவதற்கு இன்னொரு வழி பழைய குற்றம்.

திருட்டு, கொள்ளை போன்ற சொத்து சம்பந்தமான குற்றத்தில், 3 ஆண்டோ அதற்கு மேலோ ஜெயில் விதிக்கக்கூடிய பிரிவில் ஒருவர் முன்பே தண்டிக்கப்பட்டவர் என்று வைத்துக்கொள்வோம். மறுபடியும் அதே ரகக் குற்றத்தில் சிக்கினால் தண்டனை ஆயுள் வரையோ 10 ஆண்டு வரையோ உயரலாம். பழைய சட்டத்தில் இது 75-வது பிரிவு. இப்போது 13-வது பிரிவு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கில் வருவது பழைய 'தண்டனை'. பழைய 'வழக்கு' அல்ல. "இவர் மீது ஏழு வழக்கு நிலுவையில் உள்ளது" என்றால் அதில் ஒன்றுகூட 13-வது பிரிவுக்கு உதவாது. அந்தப் பழைய தண்டனையை, எந்தத் தேதி, எந்தக் கோர்ட்டு என்ற விவரத்தோடு குற்றச்சாட்டில் எழுதியாக வேண்டும். அன்று தண்டனை பெற்றவரும் இன்று கூண்டில் நிற்பவரும் ஒரே ஆள்தான் என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கும் ரவுடி பட்டியலும் குற்றத்துக்கு சாட்சியம் ஆகாது. ஒருவன் கெட்டவன் என்பதால் இந்தக் குற்றத்தையும் அவன்தான் செய்தான் என்று சொல்ல சாட்சியச் சட்டம் இடம் தரவில்லை. எதிரியே "நான் நல்லவன்" என்று சாட்சி கொண்டுவந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

புதிய பிரிவு 111

2024-ல் வந்த புதுச் சட்டம் 'திட்டமிட்ட குற்றம்' என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தது. அது 111-வது பிரிவு. கும்பலில் உறுப்பினராக இருந்தாலே குறைந்தது 5 ஆண்டு ஜெயில், குறைந்தது 5 லட்ச ரூபாய் அபராதம். உயிர் போயிருந்தால் தூக்கு அல்லது ஆயுள், அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது.

இதில் கும்பல் என்பதற்கு 5 பேர் வேண்டாம், 2 பேர் போதும். கேட்கவே பயமாக இருக்கிறது அல்லவா?

ஆனால் பூட்டு இருக்கிற இடத்தில் சாவியும் இருக்கிறது. கடந்த 10 ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகி, கோர்ட்டு அவற்றைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை மட்டும் போதாது. பணமோ வேறு பலனோ அடைவதற்காக நடந்த குற்றமாகவும் இருக்க வேண்டும். காதல் தகராறிலோ கிரிக்கெட் சண்டையிலோ நடந்த அடிதடியை இதற்குள் திணித்தால் வக்கீல் எழுந்து கேட்க இடம் உண்டு.

குண்டர் சட்டம் எப்படி?

இனி எல்லாரும் பயப்படும் 'குண்டாஸ்'.

1982-ல், எம்.ஜி.ஆர். முதல்-மந்திரியாக இருந்தபோது வந்த 14-வது சட்டம் இது. கள்ளச்சாராயம், போதைப் பொருள், குண்டர்கள், விபசாரத் தரகர்கள், குடிசைப் பகுதி நில அபகரிப்பு ஆகியவற்றுக்காக வந்தது. பின்னாளில் மணல் கடத்தல், திருட்டு வீடியோ, பாலியல் குற்றம், சைபர் குற்றம் எல்லாம் சேர்ந்தன.

இது தண்டனை அல்ல, தடுப்புக் காவல். "இனிமேல் செய்யாமல் இருக்க" என்று பிடித்து வைப்பது. விசாரணை கிடையாது. உத்தரவு போடுவது மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு அல்ல. சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். அதிகபட்சம் 12 மாதம்.

பெரும்பாலும் ஆள் ஏற்கனவே புழல் ஜெயிலில் ரிமாண்டில் இருப்பார். ஜாமீன் கிடைக்கப்போகிற நேரத்தில் உத்தரவு ஜெயிலுக்கே வந்து சேரும். வீட்டில் சட்டை, வேட்டி எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். "குண்டாஸ் போட்டாச்சு" என்ற ஒரு வார்த்தை போதும், அத்தனையும் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும்.

நாட்களை எண்ணுங்கள்!

அழுதுகொண்டு உட்கார நேரம் இல்லை. உத்தரவு வந்த நாளிலிருந்து கெடு ஓட ஆரம்பித்துவிடும். இந்தக் கெடு போலீசாருக்கும் அரசுக்கும்தான்.

காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்.

12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் உத்தரவு காலாவதி.

3 வாரத்துக்குள் ஆலோசனைக் குழு முன்பு கோப்பு போக வேண்டும். 7 வாரத்துக்குள் குழு அறிக்கை கொடுக்க வேண்டும். "போதிய காரணம் இல்லை" என்று குழு சொன்னால் அரசு விடுவித்தே தீரவேண்டும்.

ஆலோசனைக் குழு முன்பு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. ஆனால் வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைக் கேட்கலாம் என்று 1981 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. விவரம் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ அங்கே போய் நிற்கலாம். இது பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை.

மனு போட்டீர்களா?

"அம்மா, அழாதீங்க. மொதல்ல அந்த புக்கைக் குடுங்க" என்பார் வக்கீல்.

'புக்' என்பது காவல் உத்தரவோடு கைதிக்குத் தரும் ஆவணக் கட்டு. சில சமயம் நூற்றுக்கணக்கான பக்கம். பல வழக்குகளில் விடுதலைக்கு வழி இதற்குள்ளேதான் இருக்கிறது.

பக்கம் படிக்கத் தெரியாதபடி மங்கலாக இருக்கிறதா? கைதிக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்றால் முக்கியமான இங்கிலீஷ் ஆவணத்துக்குத் தமிழ் நகல் இருக்கிறதா? "ஜாமீனில் வந்துவிடுவார்" என்று எழுதியிருக்கிறார்களே, ஜாமீன் மனு உண்மையிலேயே நிலுவையில் இருந்ததா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வலு தந்தது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். விவரம் எதுவும் இல்லாமல் "ஜாமீனில் வெளிவர வாய்ப்பு" என்று மொட்டையாக எழுதினால் போதாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டின் 3 நீதிபதிகள் கூறி, உத்தரவை ரத்து செய்தார்கள்.

அடுத்தது, அரசுக்கு அனுப்பும் முறையீட்டு மனு. இதை ஜெயில் சூப்பிரண்டு மூலமாகவே அனுப்பலாம். மனுவைப் பைசல் செய்வதில் தாமதம் என்றால் அரசு காரணம் சொல்ல வேண்டும். மந்திரி சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று சொல்லப்பட்ட ஒரு தமிழ்நாட்டு வழக்கில், வெறும் 5 நாள் தாமதத்துக்காக 1990-களின் கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு கைதியை விடுவித்தது. மனுவே போடாவிட்டால் தாமதம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு. தென்மாவட்டங்கள் என்றால் மதுரை கிளையில். தாய், தந்தை, மனைவி யாரும் போடலாம். இரண்டு நீதிபதிகள் விசாரிப்பார்கள்.

அங்கே பெரிய வாதம் ஒன்று உண்டு. தனிப்பட்ட பகையில் நடந்த தகராறு 'சட்டம்-ஒழுங்கு' பிரச்சினை. ஊரே நடுங்கி, கடைகளின் ஷட்டர் இறங்கினால் அது 'பொது ஒழுங்கு' பிரச்சினை. இரண்டும் ஒன்றல்ல. பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் போல என்று 1965-ல் நீதிபதி இதயத்துல்லா விளக்கினார். சின்ன வட்டத்துக்குள் வந்தால்தான் குண்டர் சட்டம் செல்லும்.

சட்டத்தில் 'வழக்கமாக' குற்றம் செய்பவர் என்றுதான் குண்டருக்கு விளக்கம் இருக்கிறது. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து ஒருவரை வழக்கமான குற்றவாளி என்று சொல்ல முடியாது என்று, இதே மாதிரியான பீகார் சட்டத்தை ஆராய்ந்து 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ரத்தானாலும் வழக்கு உண்டு

குண்டர் சட்டம் ரத்து என்றால் விடுதலை என்று நினைத்து மாலையோடு ஜெயில் வாசலுக்குப் போகிறவர்கள் உண்டு. மூல வழக்கு அப்படியே இருக்கும். அதில் ஜாமீன் வாங்கவில்லை என்றால் ஆள் வெளியே வர முடியாது. ஆகவே இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

கடை கேமரா பேசும்

சம்பவ நேரத்தில் பையன் வேறு இடத்தில் இருந்தான் என்றால், அதைக் காட்டும் கேமரா பதிவைத் தேட வேண்டியது இன்றைக்கே. கடை கேமராவில் பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். பதிவின் நகலோடு சட்டப்படியான சான்றிதழும் வேண்டும். அது கட்டாயம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி பெற 1987-ம் ஆண்டு சட்டம் உரிமை தருகிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். புழல் ஜெயிலில் இருப்பவர் ஜெயில் அதிகாரி மூலமாகவே கேட்கலாம்.

கத்தி எடுத்தவன் உள்ளே போகட்டும், அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. கத்தி எடுக்காதவன் வெளியே வர வேண்டுமானால் வீட்டில் உள்ளவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும்: புக்கைப் படிக்க வேண்டும், மனுவை அனுப்ப வேண்டும், காலண்டரில் தேதியை வட்டம் போட்டு வைக்க வேண்டும்.