லைசென்ஸ் வேண்டாம்... அவசரமும் வேண்டாம்! பிரான்ஸ் கால்வாயில் ஒரு வாரம்

படுக்கையறை, கிச்சன், பாத்ரூம் எல்லாம் இருக்கும் ஒரு படகு. வாழ்க்கையில் படகே ஓட்டாத உங்கள் கையில் அதன் சாவியைக் கொடுத்து, 'ஒரு வாரம் கழிச்சு கொண்டு வாங்க' என்கிறார்கள். பிரான்ஸில் இது சர்வசாதாரணம். வாடகைப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. முன்னே, பின்னே ஓட்டவும் கரையில் கட்டவும் வாடகை நிறுவனமே கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓர் அட்டையைக் கொடுத்துவிடும்.

இவ்வளவு தைரியமாகக் கொடுக்கக் காரணம், வேகம். தெற்கு பிரான்ஸின் 'கனால் டு மிடி' கால்வாயில் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கரையில் சைக்கிளில் போகிறவர் அலட்டிக்கொள்ளாமல் உங்களை ஓவர்டேக் செய்வார்!

துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல் வரை 240 கிலோமீட்டர் ஓடும் இந்தக் கால்வாயை வெட்டியவர் ஓர் இன்ஜினீயர் அல்ல. உப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த பியர் பால் ரிக்கே. கால்வாய் தோண்டுவதைவிட, அதன் உச்சிக்குத் தண்ணீர் கொண்டுவருவதுதான் அன்றைக்குப் பெரிய சிக்கல். மேட்டில் தண்ணீர் இல்லாவிட்டால் படகு எப்படி மலை ஏறும்? பக்கத்து மலையின் ஓடைகளை அணை கட்டித் தேக்கி, நோரூஸ் என்ற மேட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பிரித்துவிட்டார் ரிக்கே. 1666-ல் அனுமதி கிடைத்தது. சொந்தப் பணத்தையும் கொட்டிய அவர் 1680-ல் இறந்துபோக, அடுத்த வருடம்தான் கால்வாய் திறக்கப்பட்டது. 1996 முதல் இது யுனெஸ்கோ பாரம்பர்யச் சின்னம்.

படகு மேடு ஏறும் இடம்தான் 'லாக்'. இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பின்கதவு மூடும். மதகு வழியே தண்ணீர் நிரம்ப நிரம்ப, படகும் கூடவே உயரும். முன்கதவு திறந்ததும் கிளம்ப வேண்டியதுதான். தொட்டிகள் முட்டை வடிவில் இருப்பது அழகுக்காக இல்லை. நேர்ச்சுவர் மண் அழுத்தத்தில் சரிந்துபோனதால், சுவரை வளைத்துக் கட்டினார் ரிக்கே.

உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். மேலிருந்து கீழே இறங்கும்போது, கரையில் இருக்கும் கட்டையில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டிவிடாதீர்கள். தண்ணீர் வடியும், கட்டிய படகு மட்டும் அந்தரத்தில் தொங்கிச் சாயும். கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்று சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். படகு சுவரில் மோதப்போகிறதா? மோதட்டும். அதற்குத்தான் பக்கவாட்டில் ரப்பர் உருளைகள் தொங்குகின்றன. காலாலோ கையாலோ தள்ளப் போனால் நசுங்குவது உங்கள் எலும்புதான். நீச்சல் தெரிந்தாலும் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் கேட்டு பயமா இருக்கா? முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு, பெசியே நகரத்துக்கு மேற்கே இருக்கும் பகுதி. அங்கே சுமார் 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கூட கிடையாது. திராட்சைத் தோட்டங்கள், லெ சோமாய் போன்ற குட்டிக் கிராமங்கள், 17-ம் நூற்றாண்டிலேயே குன்றைக் குடைந்து போட்ட மல்பா சுரங்கம் எல்லாம் அந்த வழியிலேயே வந்துவிடும். அதன் முடிவில், படிக்கட்டு மாதிரி தொட்டிகளை அடுக்கிய ஃபோன்செரான் இருக்கிறது. அதைப் படகில் தாண்ட வேண்டும் என்றில்லை. கரையில் நின்று மற்றவர்கள் படும் பாட்டைப் பார்ப்பதே தனி சுகம்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கிராமத்துச் சந்தையில் காய்கறி வாங்கி நீங்களே சமைத்துக்கொள்ளலாம். சைவக்காரர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கோங்க... கஸ்தெல்னோதரி ஊரின் புகழ்பெற்ற 'கசூலே', பார்க்க வெறும் பீன்ஸ் குழம்பு மாதிரி இருந்தாலும் உள்ளே இறைச்சி இருக்கும். லாக் ஊழியர்களுக்கும் மதியச் சாப்பாட்டு இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் கதவு திறக்காது. நீங்களும் சாப்பிட உட்கார்ந்துவிடுவதே புத்திசாலித்தனம். இருட்டிய பிறகு வாடகைப் படகை ஓட்டக் கூடாது. டீசல், காப்புத்தொகை எல்லாம் வாடகைக்கு மேல் தனியாக வருமா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடிவிடுவார்கள். மே, செப்டம்பர் மாதங்களில் வாடகையும் கூட்டமும் குறைவு.

போட்டோக்களில் இரண்டு கரையிலும் குடை பிடித்து நிற்கிறதே பிளேன் மரங்கள், அவை எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சுமார் 42,000 மரங்கள் இருந்த கால்வாய் இது. 2006-ல் இங்கே ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த மரப்பெட்டிகள் வழியாக பிரான்ஸுக்குள் நுழைந்தது என்று நம்பப்படும் நோய். மருந்து கிடையாது, வெட்டுவதுதான் ஒரே வழி. பல்லாயிரம் மரங்கள் போய்விட்டன. வேறு இன மரங்களை நட்டு வளர்க்கிறார்கள், ஆனா அவை நிழல் தரப் பல வருஷம் ஆகும். மரப்பட்டையில் ஒரு சின்னக் காயம் போதும், பூஞ்சை உள்ளே புகுந்துவிடும். அதனால் படகை எந்த மரத்திலும் கட்டக் கூடாது. படகிலேயே இரும்பு முளையும் சுத்தியலும் இருக்கும். கரையில் அடித்துக் கட்டுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் போகிறவர்கள் பெரிய தொப்பியாக எடுத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டிய பகுதிகளில் மொட்டை வெயில்!