கடலுக்கு அடியில் சிறைபட்ட புகை!

கடலுக்கு நடுவே ஒரு இரும்பு மேடை. அதில் இருந்து ஒரு நீண்ட குழாய் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு இருக்கிறது. குழாயின் முனையில் தீ! இரவும் பகலும் எரிகிறது.

கடலில் எண்ணெய் எடுக்கும் இடங்களில் இது சாதாரணக் காட்சி. எண்ணெயோடு எரிவாயுவும் சேர்ந்தே மேலே வரும். அதைக் கரைக்குக் கொண்டுபோக வழி இல்லை என்றால், அங்கேயே கொளுத்திவிடுகிறார்கள். 2024-ம் ஆண்டில் நிலத்திலும் கடலிலுமாக இப்படி வீணாய் எரிந்த வாயு 15,100 கோடி கன மீட்டர் என்று உலக வங்கி கணக்கிட்டது.

"தீயை அணைத்துவிட்டால் போயிற்று" என்று நினைக்கலாம். அது இன்னும் ஆபத்து! தீ அணைந்தால் வாயு அப்படியே காற்றில் கலக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் மீதேன். எரிந்தால் வருகிற கரியமில வாயுவே பூமியைச் சூடாக்குகிறது. மீதேன் அதைவிடப் பொல்லாதது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீதேன் ஏறத்தாழ 80 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

கொளுத்தவும் கூடாது. வெளியே விடவும் கூடாது. பிறகு என்னதான் செய்வது?

10 கட்டளைகள்

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது நார்வே. ஜனத்தொகை 60 லட்சம்கூட இல்லை. அந்த நாட்டுக்குச் சொந்தமான வடகடல் பகுதியில், 1969-ம் ஆண்டு எக்கோபிஸ்க் என்ற இடத்தில் ஏராளமான எண்ணெய் இருப்பது தெரிந்தது. 1971-ல் எண்ணெய் வரத் தொடங்கியது.

அந்த ஆண்டே நார்வே பாராளுமன்றக் குழு ஒன்று, எண்ணெய்த் தொழிலுக்கு 10 கட்டளைகளை வகுத்தது. "பயன்படுத்தக் கூடிய வாயுவை எரித்து வீணாக்கக் கூடாது. சோதனைக்காகக் கொஞ்ச நேரம் மட்டும் எரிக்கலாம்" என்பது அதில் ஒன்று. பூமி சூடாவதைப் பற்றி அப்போது யார் பேசினார்கள்? காசு கரியாகக் கூடாது என்பதுதான் கவலை.

ஆனால் புகை அதோடு நிற்கவில்லை. எண்ணெய் மேடை என்பது கடலில் நிற்கும் ஒரு தொழிற்சாலை. பம்புகள் ஓட வேண்டும். வாயுவை அழுத்தும் யந்திரங்கள் ஓட வேண்டும். அத்தனைக்கும் மின்சாரம் வேண்டும். கிணற்றில் கிடைக்கும் வாயுவையே எரித்து, மேடையிலேயே மின்சாரம் எடுத்தார்கள். அந்தப் புகை, கொளுத்தும் புகையைவிட அதிகமாகிவிட்டது!

வரி செய்த வேலை

1991-ம் ஆண்டு நார்வே சர்க்கார் புகைக்கு வரி போட்டது. கடலில் எவ்வளவு கரியமில வாயு விடுகிறாயோ, அவ்வளவுக்குப் பணம் கட்டு!

அந்தச் சமயத்தில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் வாயு எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு சிக்கல். பூமியில் இருந்து வரும் வாயுவிலேயே 100-க்கு 9 பங்கு கரியமில வாயு கலந்திருந்தது. வாங்குகிறவர்களோ இரண்டரைப் பங்குக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்பார்கள். ஆகவே அதைப் பிரித்து எடுத்தே ஆகவேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால், தினமும் ஏறத்தாழ 10 லட்சம் குரோனர் வரி கட்ட வேண்டியிருக்கும். (குரோனர் என்பது நார்வே நாட்டு நாணயம்.)

கம்பெனி கணக்குப் போட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு!

கடல் தரைக்குக் கீழே, 2,500 அடிக்கும் அதிகமான ஆழத்தில், உத்சிரா என்ற மணற்பாறை இருக்கிறது. பாறை என்றால் கருங்கல் அல்ல. பஞ்சு போல நுண்ணிய துளைகள் கொண்டது. துளைகளில் உப்புத் தண்ணீர் நிறைந்திருக்கிறது. அதற்கு மேலே மூடி போட்டதுபோலக் கெட்டியான களிப்பாறை. 1996-ம் ஆண்டு, கரியமில வாயுவை அழுத்தி, அந்த மணற்பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். வாயு மேலே வரப் பார்க்கும், மூடி விடாது. பூமிக்குள் ஒலி அலைகளை அனுப்பி, வாயு எங்கே போகிறது என்று விஞ்ஞானிகள் படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

முதலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் உள்ளே போனது. கிணற்றில் வாயு குறையக் குறைய, புதைக்கும் அளவும் குறைந்துவிட்டது.

கரையில் இருந்து மின்சாரம்

மேடையில் வாயுவை எரிக்காமல் யந்திரத்தை ஓட்ட முடியாதா? அதற்கும் வழி கண்டார்கள்.

டிரோல் என்ற இடத்தில் ஒரு காங்கிரீட் மேடை இருக்கிறது. அடி முதல் நுனி வரை 1,548 அடி! பாரிஸ் நகரத்து ஈபிள் கோபுரத்தைவிட உயரம். பெரும்பகுதி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. அந்த மேடைக்கு 1996 முதல் கரையில் இருந்தே கேபிள் மூலம் மின்சாரம் வருகிறது. நார்வேயில் மின்சாரத்தின் பெரும்பகுதி அருவித் தண்ணீரில் இருந்து கிடைக்கிறது. அதில் புகை இல்லை.

2023-ல் இன்னொரு புதுமை. காற்றாலைகள் 11, கடலில் மிதக்கின்றன! கரையில் இருந்து 140 கிலோ மீட்டர் தொலைவு. நங்கூரம் பாய்ச்சி, சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். ஸ்னோரே, குல்பாக்ஸ் என்ற இரு இடங்களில் உள்ள 5 மேடைகளுக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொடுக்கும் திட்டம் இது. காற்று ஓய்ந்தால்? பழையபடி வாயு யந்திரம்தான்.

பீப்பாயின் கணக்கு

2019-ல் யோஹான் சுவெர்டிரப் என்ற பெரிய எண்ணெய் வயல் திறக்கப்பட்டது. அதற்கும் கரை மின்சாரம்தான். "ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்க ஒரு கிலோ கரியமில வாயுகூட வெளியாவதில்லை" என்று கம்பெனி பெருமையாகச் சொன்னது. பெருமைப்படக் கூடிய காரியம்தான். ஆனால் அந்த ஒரு பீப்பாய் எண்ணெயை எங்கோ ஒரு நாட்டில் காரிலும் லாரியிலும் எரிக்கும்போது 400 கிலோவுக்கு மேல் வெளியாகிறதே! அது நார்வேயின் கணக்கில் வராது. வாங்கியவர் கணக்கில் எழுதப்படும்.

பனி மான் மேய்ப்பவர்கள்

உள்நாட்டிலும் தகராறு. வடகோடியில் ஹாமர்பெஸ்ட் என்ற ஊர். பக்கத்தில் மெல்கோயா தீவு. கடலில் எடுத்த வாயுவை அங்கே குளிர வைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அந்த ஆலைக்கும் கரை மின்சாரம் கொடுக்க 2023 ஆகஸ்டு மாதம் சர்க்கார் அனுமதி கொடுத்தது. ஆண்டுக்கு 8½ லட்சம் டன் புகை குறையும் என்பது கணக்கு.

"மின்சாரத்தை ஆலை விழுங்கிவிட்டால் எங்கள் வீட்டுக் கட்டணம் ஏறாதா?" என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அந்தப் பகுதியில் சாமி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். (நம் ஊர்ச் சாமி அல்ல; அந்த இனத்தின் பெயரே அதுதான்.) பனி மான் மேய்ப்பது பலருக்குப் பரம்பரைத் தொழில். புது மின்கம்பிகளும் காற்றாலைகளும் வந்தால் மேய்ச்சல் நிலம் துண்டுபடும். மான்கள் மிரளும் என்று அவர்கள் எதிர்த்தார்கள்.

2030-ல் இருந்து ஆலை கரை மின்சாரத்துக்கு மாறலாம் என்று சர்க்கார் சொன்னது. அதே வட்டாரத்தில் அதற்குள் புதிதாக மின்சாரமும் உற்பத்தி செய்துவிட வேண்டும் என்பதும் சர்க்காரின் திட்டம். அதற்கான காற்றாலைகளை எந்த மலையில் நிறுத்துவது என்பதில்தான் சண்டை.